ஈஸ்டும் ஸென்ட்ரோமியரும்

உயிர்நூல் பயிலும் மாணவர் சிலர், "ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டினிடத்து அறிய வேண்டுவது யாதுளது? மனித உடலை ஆராய்தலை விடுத்து, அறிஞர் இவ்வற்பப் பொருளில் தம் வாழ்நாளைச் செலவிடுதல் வீண் அன்றோ?" என வினவுகின்றனர். இவ்வினா நன்கு ஆராய்ந்து எழுப்பப்பட்டதன்று என்பது எம் கருத்து. ஸென்ட்ரோமியர் என்னும் ஒன்றைக் கொண்டே இதனை ஈண்டு விளக்க முயல்வாம்.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன், தன் குரோமோஸோம்கள் ஒவ்வொன்றையும் இரட்டித்துக் கொள்கின்றது. அவ்விரண்டில் ஒன்று இப்பக்கமும் மற்றொன்று அப்பக்கமும் பிழையின்றிச் செல்லல் வேண்டும். நுண்குழல்கள் பற்றி இழுத்தற்குரிய பிடி குரோமோஸோமில் ஓரிடத்து அமைந்துளது. அவ்விடமே ஸென்ட்ரோமியர். அதன்மேற் பல புரோட்டீன்கள் கூடிக் கைனட்டோகோர் என்னும் பொறியாகின்றன; நுண்குழல் பற்றுவது அப்பொறியையே. பாடநூல்கள் பலவோ இதனை ஒரு புள்ளியாக வரைந்து, 'இடுக்கம்' என ஒரு சொல்லாற் கூறி அமைகின்றன.

இப்பிடி தவறின் விளைவது சிறிதன்று. டவுன் ஸிண்ட்ரோம் எனப்படும் நிலைக்கு, 21-ஆம் குரோமோஸோம் இரண்டாக இராது மூன்றாக இருத்தலே காரணம் என்பது 1959-இல் வெளியாயிற்று. புற்றுநோய் அணுக்கள் பலவற்றிலும் குரோமோஸோம்களின் தொகை மாறியே காணப்படுகின்றது. ஆதலின் இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சி அன்று. குழந்தை பிறக்கும் ஒவ்வோர் இல்லத்தையும் தொடுவது.

இனி, ஸென்ட்ரோமியரைத் தனியே பிரித்தெடுத்துக் காணும் வாய்ப்பு முதன்முதல் எங்கே கிட்டியது? ஈஸ்டினிடத்தேதான். 1980-இல் கலிபோர்னியாவில் லூயீஸ் கிளார்க் அம்மையாரும் ஜான் கார்பன் என்பாரும், ரொட்டி ஈஸ்டின் 3-ஆம் குரோமோஸோமிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். வட்டமான சிறு டி.என்.ஏ. ஒன்றை ஈஸ்டினுட் புகுத்தினால், அஃது இரட்டித்தும் பெரும்பாலும் தாயணுவினிடமே தங்கிவிடும்; சேயணுவிற்குக் கிட்டாது. ஸென்ட்ரோமியர்த் துண்டினை அதனுடன் இணைத்த அளவில், அது தாய்க்கும் சேய்க்கும் முறையாகப் பங்கிடப்படலாயிற்று.

அத்துண்டின் அமைப்பும் வியத்தற்குரியது. ஈஸ்டின் 16 குரோமோஸோம்களிலுமுள்ள டி.என்.ஏ. ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் எழுத்திணைகள் கொண்டது. ஒவ்வொரு ஸென்ட்ரோமியருக்கும் வேண்டுவதோ சுமார் 125 எழுத்திணைகளே. அவை மூன்று பகுதிகளாம். முதலாவது 8 எழுத்துடையது. அதனை நீக்கினும் பிடி தளருமேயன்றி அழியாது. இரண்டாவது சுமார் 80 எழுத்துடையது; அதிற் பத்தில் ஒன்பதிற்கு மேல் ஏ, டி என்னும் இரண்டெழுத்துக்களே. மூன்றாவது சுமார் 25 எழுத்துடையது. அதன் நடுவில் உரிய ஓரெழுத்து மாறினும் ஸென்ட்ரோமியர் பயனற்றுப் போம். இத்துணைச் சிறிய பிடியை ஒரே ஒரு நுண்குழல் பற்றுகின்றது. எனினும், லட்சம் பிரிவுகளில் ஏறக்குறைய ஒருமுறையே குரோமோஸோம் ஒன்று தவறுகின்றது.

நிற்க. ஈஸ்டினை இகழ்தல் ஒரு பிழை. அதனிடம் கண்டதை எல்லா உயிர்க்கும் உடனே விதியாக்குதல் மற்றொரு பிழை. பிளவுறு ஈஸ்டு என்னும் வேறோர் இனத்திற்கு மூன்றே குரோமோஸோம்கள். ஆயின் அவற்றின் ஸென்ட்ரோமியர்கள் 35,000 முதல் 1,10,000 எழுத்திணைகள் வரை நீண்டு, திரும்பத் திரும்ப வரும் தொடர்களாற் சூழப்பட்டுள்ளன. காண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் பிறிதோர் ஈஸ்டிலோ, எட்டுக் குரோமோஸோம்களின் ஸென்ட்ரோமியர்களும் ஒன்றையொன்று ஒவ்வா எழுத்து வரிசையுடையன என்பது 2004-இல் தெளிவாயிற்று. மனிதனிடத்து அவை லட்சக்கணக்கான எழுத்துக்களாக விரிகின்றன. ஆகவே, "இவ்வெழுத்து வரிசையே ஸென்ட்ரோமியர்" எனக் கூறுவார் கூற்று ரொட்டி ஈஸ்டிற்கும் அதன் நெருங்கிய இனங்களுக்குமே பொருந்தும்.

அங்ஙனமாயின் இவை அனைத்திற்கும் பொதுவாவது யாது? எழுத்து வேறாயினும், அவ்விடத்தில் டி.என்.ஏ.வைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் புரோட்டீன்களுள் ஒன்று தனிவகையினதாக உளது. மனிதனிடத்து அதற்குச் சென்ப்-ஏ என்றும், ரொட்டி ஈஸ்டில் ஸி.எஸ்.இ. 4 என்றும் பெயர். ஈஸ்டின் இப்புரோட்டீன் மனித அணுவிற் சென்ப்-ஏ குன்றியவிடத்து அதன் தொழிலை ஏற்றுச் செய்ய வல்லது என்றும் 2004-இல் காட்டப்பட்டது. மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டிற்கும் நமக்கும் உள்ள உறவினை இதனினும் தெளிவாக உணர்த்துவது எது?

ஆதலின் இரண்டினை வேண்டுகின்றோம். பாடநூல் எழுதுவோர் ஸென்ட்ரோமியரை வெறும் புள்ளியாக விடாது, அது செய்யும் தொழிலோடு சேர்த்து விளக்குவாராக. மாணவரும், "இதனாற் பயன் என்ன?" என வினவுமுன், ஈஸ்டின் ஒரு துளியை நுண்பெருக்கியின் கீழ் வைத்துச் சற்று நேரம் பொறுமையுடன் நோக்குவாராக. அரும்பி வரும் ஒவ்வொரு சேயணுவும் தனக்குரிய பதினாறனையும் தாயினிடமிருந்து எண்ணிப் பெறுதல் எங்ஙனம் என்னும் வினா அப்பொழுது தானே எழும். அவ்வினாவைத் தொடர்ந்து செல்வார்க்கு ஈஸ்டு அற்பப் பொருளாகத் தோன்றாது.