முகமில்லாத எதிராளி

டென்னிஸ் பயிற்சிக்கெனப் பந்தெறியும் பொறியை 1920களில் வடிவமைத்தவர் பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்த். இன்றைய பொறிகள் சில, காமிரா வழியே நாம் நிற்குமிடம் அறிந்து பந்தை அனுப்புகின்றன. அவை நம்மைப் பார்க்கின்றன. நாம் பார்க்க அவற்றுக்கு முகமில்லை.

ஆந்த்ரே அகாஸி, தந்தை மாற்றியமைத்த பொறியின் முன் நாளுக்கு 2,500 பந்துகள் என்ற கணக்கில் வளர்க்கப்பட்டவர். ஆயினும் போரிஸ் பெக்கரிடம் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார். பின்னர் ஒளிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தே, பெக்கரின் நாக்கு நீளும் விதம் சர்வீஸின் திசையைக் காட்டிக்கொடுப்பதைக் கண்டுகொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

பொறி கைக்குப் பழக்கம் தரும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே அகாஸி, 2009இல் வெளிவந்த தன்வரலாற்றில், டென்னிஸை வெறுத்ததாக எழுதினார். நம் பிள்ளைக்குப் பொறி வாங்குமுன், உடன் ஆட ஒரு தோழனைத் தேடித் தருவோம்.