ஆள் எதுக்கு?

"இனிமே செர்டாங்குல ஆள் எதுக்கு? எல்லாத்தையும் கிளவுட்ல இருந்தே பாத்துக்கலாம்." விற்பனைக்கு வந்தவர் இப்படிச் சொன்னபோது எங்கள் மேலாளர் தலையாட்டினார். அந்த 'ஆள்' நான்தான். வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டி-வேன் எனக்கு எதிரியில்லை. முன்பெல்லாம் கிளை கிளையாகப் போய் ஒவ்வொரு ரௌட்டரிலும் கட்டளை எழுதவேண்டும். இப்போது எந்தச் செயலி எந்த லைனில் போகவேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதிவிட்டால் எல்லாப் பெட்டிகளும் கேட்டுக்கொள்ளும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதா என்ன? லண்டன் ஏஜன்சி ஹவுஸ் முடிவெடுக்கும், துரை வாங்கிச் சொல்வார், மண்டோர் நிரையில் நிறுத்துவார். லண்டன் கடிதம் வரத் தாமதமானால் மரம் வெட்டு நின்றுவிடாது. எஸ்டி-வேனும் பெரும்பாலும் அப்படித்தான். மேலே தொடர்பு அறுந்தாலும் கடைசியாக வந்த கட்டளைப்படி பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பையும் மேலே ஏற்றும்போதுதான் சிக்கல். 2019இல் கார்ட்னர் இதற்கு 'சாஸி' என்று பேர் வைத்தது. கிளையிலிருந்து இணையத்துக்குப் போகும் எல்லாமே எங்கோ இருக்கும் சாவடியில் சோதிக்கப்பட்டுத்தான் வெளியேறும். சாவடிக்கு வழி அடைபட்டால்? "ரெண்டாவது லைன் இருக்குல்ல" என்கிறார்கள். எங்கள் கிளையின் இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் தொங்குகின்றன. தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். அவர்கள் காட்டிய வண்ணப்படத்தில் அது இல்லை.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. க்ரௌட்ஸ்ட்ரைக் கிளவுட் வழியாக அனுப்பிய பழுதான கோப்பு ஒன்றால் ஏறக்குறைய 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. அது சாஸி அல்ல, கணினிக்குள் உட்காரும் காவல். ஆனால் கவனியுங்கள்: பழுதை அனுப்பக் கிளவுட் போதுமாக இருந்தது. அதை எடுக்க, பல இடங்களில் ஒரு மனிதன் கணினி முன்னால் உட்கார்ந்து, 'சேஃப் மோட்'டில் திறந்து, கையால் அழிக்கவேண்டி வந்தது. அந்த ஆளைத்தான் இவர்கள் செலவு என்கிறார்கள்.

நான் கேட்டது ரெண்டே ரெண்டு. சாவடி விழுந்தால் அவசர வேலைகளுக்காவது இங்கிருந்தே ஒரு காவலுள்ள வழி. அதைத் திறக்கத் தெரிந்த ஓர் ஆள்.

"பிரச்சனைன்னா டிக்கெட் போடுங்க, நாலு மணி நேரத்துல பதில் வரும்" என்றார் வந்தவர். "லைனே இல்லாதப்ப டிக்கெட்ட எதுல சார் போடறது?" என்றேன்.

மேலாளர் தே தாரேக் குடிக்கக் கூட்டத்தை நிறுத்தினார்.