அவரவர்க்கு உகந்த அப்பியாசம்

விடியற்காலையில் வடசென்னை எம்.கே.பி. நகர் சென்ட்ரல் அவென்யூவில் கைவீசி நடந்து செல்கிறவர்களைக் காணும்பொழுது, தேகப்பயிற்சி என்றால் நடைதான் என்ற முடிவுக்கு நம் பகுதி முழுவதுமே வந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. சர்க்கரை வியாதியுள்ளவரும், இரத்தக் கொதிப்புள்ளவரும், முழங்கால் வலிக்காரரும், வலி ஏதுமறியாத இளைஞரும் ஒரே பாதையில் ஒரே விதமாக நடக்கிறார்கள். நடையின் மேன்மையை நான் மறுப்பவனல்லன். காசு செலவில்லாத, கருவி வேண்டாத, எவ்வயதினர்க்கும் பெரும்பாலும் தீங்கு செய்யாத அப்பியாசம் அது. எனினும், ஒரு மனிதன் பகலெல்லாம் தன் தேகத்தை எவ்விதம் உபயோகிக்கிறான் என்று வினவாமலே அவனுக்கொரு பயிற்சியை விதிப்பது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும் என்பதே என் கருத்து.

எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் பாரிமுனைப் பக்கத்துக் கிடங்கொன்றில் மூட்டை சுமப்பவர். “நாள் பூரா மூட்டை தூக்கினுதானே கீறேன், எனக்கு இன்னாத்துக்குண்ணா எக்சைஸு?” என்று அவர் ஒருமுறை என்னைக் கேட்டார். மிகவும் நியாயமான கேள்வி. விஞ்ஞானமும் வெகுகாலம் அவர் பக்கமே நின்றது. லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பஸ்களில் நாளெல்லாம் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் கண்டக்டர்களைக் காட்டிலும், இருக்கையை விட்டெழாமல் வண்டி ஓட்டும் டிரைவர்களுக்கே இருதய நோய் மிகுதி என்று ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953-இல் எடுத்துக் காட்டினார். சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரால்ஃப் பாஃபன்பர்கர், கடுஞ்சுமை தூக்கியவர்களிடையே இருதய நோயால் நேரும் மரணம் குறைவு என்று 1975-இல் வெளியிட்டார். துறைமுகத்தை நம்பி வாழும் நம் வடசென்னைக்கு இதனினும் நெருங்கிய ஆராய்ச்சி வேறு இருக்க முடியாது.

ஆனால் இவ்விஷயத்துக்கு மறுபக்கமும் உண்டு. மாரிஸே மூன்றாண்டுகள் கழித்து, பஸ் ஊழியரின் சீருடை அளவுகளை ஆராய்ந்து, டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே இடை பெருத்தவர்களாக இருந்தார்கள் என்று கண்டு தெரிவித்தார். தம் முடிவைத் தாமே சோதித்துப் பார்த்த அந்த நேர்மைக்காக அவரை நான் வணங்குகிறேன். அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் பலரோ, ஓய்வு நேரத்தில் மனமுவந்து செய்யும் பயிற்சி தருகிற நலத்தை, பிழைப்புக்காகச் செய்யும் கடும் உழைப்பு அப்படியே தந்துவிடுவதில்லை என்கிறார்கள். வேண்டியபோது நிறுத்தி இளைப்பாற உரிமையில்லாத உழைப்பில், இரத்த அழுத்தம் மணிக்கணக்கில் உயர்ந்தே நிற்கிறது; ஒரே தோளும் ஒரே இடுப்பும் தேய்ந்துகொண்டே போகின்றன. ஆகவே என் நண்பருக்கு எடை தூக்கும் ஜிம் வேண்டியதில்லை. சுருங்கிப்போன முதுகையும் தொடையின் பின்புறத்தையும் மெல்ல நீட்டி நெகிழ்த்தும் ஆசனங்களும், ஆழ்ந்து விடும் மூச்சும், பாரமற்ற சாவதானமான அசைவுகளுமே அவருக்கு வேண்டும். தொழில் எதை அதிகமாக வாங்கிக்கொள்கிறதோ அதற்கு ஓய்வும், எதை அறவே மறுக்கிறதோ அதற்கு வேலையும் கொடுப்பதுதான் தக்க பயிற்சி என்று நான் நம்புகிறேன்.

இந்தப் பிரதேசத்தில் தொழிலே ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டமையால் இவ்விசாரணை நமக்கு மிகவும் அவசியமாகிறது. சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டபின், முன்பு மனிதத் தோள் சுமந்ததைக் கிரேன் சுமக்கலாயிற்று. பெரம்பூர்ப் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஆலையிலும் துறைமுகத்திலும் நாளெல்லாம் நின்றுழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று டிரெய்லர் லாரியின் இருக்கையிலும், கணினியின் முன்னும், உணவுப் பொட்டலம் சுமந்து செல்லும் மோட்டார் சைக்கிளிலும் அமர்ந்திருக்கிறார்கள். தந்தையின் பசி மகனுக்கும் இருக்கிறது. தந்தையின் உழைப்பு மகனுக்கு இல்லை. துறைமுக வாயிலை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் காத்திருக்கும் லாரி ஓட்டுநர் ஒருவர், அவ்விடத்திலேயே வண்டியைவிட்டு இறங்கி நின்று உட்கார்ந்தெழுந்து தோப்புக்கரணம் போடுவாரானால், அதைக் கண்டு நகைப்பவர்களைவிட அவரே அறிவாளி.

வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷங்கள் மிதமான பயிற்சி செய்ய வேண்டும். அதனோடு இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்திருக்கிறது. பேச முடியும், பாட முடியாது என்னுமளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான பயிற்சி. இவ்விதியின் இரண்டாவது பகுதியாகிய தசைப்பயிற்சியை நம் நடைக்காரர்கள் அநேகமாக மறந்துவிடுகிறார்கள். முதுமையில் நாற்காலியை விட்டுப் பிறர் துணையின்றி எழுந்திருக்க உதவுவது அந்தத் தசைவலுவே.

தேகத்தின் தேவையைக் கண்ட பிறகு மனத்தின் சுபாவத்தையும் காண வேண்டும். தனிமையில் இன்பம் காண்பவனைக் கும்பலில் தள்ளுவதும், தோழமையின்றி ஒரு காரியத்தையும் தொடராதவனைத் தனியே ஓடச் சொல்வதும் பயனற்றவை. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் மாலைதோறும் கால்பந்தின் பின்னே ஓடும் சிறுவர்களுக்கு ஆரோக்கியத்தைப் பற்றிய போதனை எதுவும் தேவைப்படவில்லை. இன்று வராவிட்டால் நாளைக்குத் தோழர்கள் விசாரிப்பார்கள் என்பதே போதுமாயிருக்கிறது. அத்தகைய விளையாட்டிலிருந்துதான் இந்திய அணியில் ஆடிய நந்தகுமார் சேகர் போன்றவர்களும் எழுந்தார்கள். சார்பட்டா, இடியப்பப் பரம்பரைகள் என்று குத்துச்சண்டையில் பெயர்பெற்ற இம்மண்ணில், கைவேகமும் போட்டி மனப்பான்மையும் இயல்பாயமைந்த இளைஞனுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சியும், தாளக்கட்டில் மனம் லயிப்பவனுக்குச் சிலம்பமும் காத்திருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளை எதில் பதக்கம் வாங்கினான் என்று பார்த்துத் தம் பிள்ளையையும் அதிலேயே சேர்க்கும் பெற்றோர், ஒரு மாதம் அவன் எதைத் தேடி ஓடுகிறான் என்று கவனித்தால் நன்று.

நமது காற்றையும் மறக்கலாகாது. கொடுங்கையூர்க் குப்பைமேடு புகையும் நாளிலும், மணலிப் பக்கத்து நெடி கண்ணை எரிக்கும் வேளையிலும் வெளியில் வேகமாக ஓடுவது, மூச்சின் ஆழம் கூடுங்காலத்தில் நஞ்சையும் ஆழமாக உள்ளிழுப்பதாகும். அன்றைக்கு வீட்டுக்குள் செய்யும் பயிற்சியே விவேகம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனத்தை வருத்துவது ஒன்றுண்டு. தேர்ந்தெடுத்தல் என்பது இடமும் நேரமும் உடையவர்க்கே இயலும். அடுப்பின் முன் நின்று, குடம் சுமந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பின்னர் வேலைக்கும் செல்லும் நம் வீட்டுப் பெண்கள், யாரேனும் பார்ப்பார்களோ என்ற கூச்சத்தோடு மொட்டைமாடியில் துணிக்கொடிகளுக்கிடையே நடப்பதை இங்கே பல வீடுகளில் காணலாம். அவர்களில் ஒருத்திக்குப் பந்தாட ஆசையிருக்கலாம், மற்றொருத்திக்குச் சிலம்பம் சுழற்ற ஆசையிருக்கலாம்; அதைக் கேட்டறிந்தவர் எவர்? மாநகராட்சி நம் பகுதியிலுள்ள தன் மைதானங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும், காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் பெண்களுக்கென்றே ஒதுக்கி, நல்ல விளக்கும் பெண் பயிற்சியாளரும் கழிப்பறையும் ஏற்பாடு செய்து தர வேண்டும். குழந்தைகளுக்கு மாலைப்பொழுதை விளையாட்டுக்கென்றே கொடுத்த மகாகவி பாரதியின் பெயரைத் தாங்கிய எம்.கே.பி. நகரில் அதை முதலில் தொடங்கும்படி, வட்டார மாமன்ற உறுப்பினர்களை நான் கேட்டுக்கொள்கிறேன்.