முயல் ஒல்லியா இருக்கா? முதல்ல தராசை எடுங்க!

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு குன்றத்தூர் திரும்பும் பஸ்ஸில், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். உள்ளே முயல்குட்டி. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே பாட்டி சொல்லிவிடுவார், "என்னடா இது, எலும்பும் தோலுமா இருக்கு?" அவ்வளவுதான்... கேரட், பிஸ்கட், தயிர்சாதம், ஊறவைத்த கடலை என்று விருந்து ஆரம்பம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் பல முயல்கள் சாவது பட்டினியால் அல்ல, இந்தப் பாசத்தால்தான்.

காரணம் முயலின் வயிறு. அது நார்ச்சத்தை நம்பி ஓடுகிற இயந்திரம். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. சோறும் பிஸ்கட்டும் திடீரென்று உள்ளே போனால் அந்தக் கூட்டமே தடம் மாறிவிடும். வாயு, கழிச்சல், கடைசியில் குடலே நின்றுபோகும். எடை ஏற்றப் போய் உயிரையே இறக்கி வைத்த கதை!

இன்னொரு சிக்கலும் உண்டு. முயல் வளர்ப்பு பற்றித் தமிழில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இறைச்சி முயலுக்கானவை. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற இனங்களைச் சுமார் 12 வாரத்தில் 2 கிலோவுக்குக் கொண்டுவருவது பண்ணைக் கணக்கு. அதில் தப்பே இல்லை, அது தொழில். ஆனால் வீட்டு முயல் எட்டு பத்து வருடம் வாழ வேண்டியது. சீக்கிரம் கொழுக்க வைப்பது அதற்கு லாபமல்ல, நஷ்டம்.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில், ஒல்லி என்பது உண்மையா என்று பாருங்கள். முதுகில் விரலை மெதுவாக ஓட்டினால் எலும்பு கூர்மையாகத் தட்டுகிறதா? விலா எலும்புகள் துருத்துகின்றனவா? அப்படியானால் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கணக்கு எழுதாத கடை மாதிரிதான் எடை எழுதாத வளர்ப்பும்.

அடுத்து, ஏன் ஒல்லி? இதுதான் முக்கியமான கேள்வி. முயலின் முன்பற்கள் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். புல் மெல்லாமல் வளர்ந்தால் தேயாது, கோணலாகி வாயைக் குத்தும். தாடை ஈரமாக இருப்பது, சாப்பிட வந்துவிட்டுத் திரும்பிப் போவது எல்லாம் பல் வலியின் அடையாளம். வயிறு உப்பி உடம்பு மெலிந்த குட்டி என்றால் குடலில் ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணி (காக்சிடியா) இருக்கலாம். தாய்ப்பால் மறக்கும் முன்பே விற்கப்பட்ட குட்டியாகவும் இருக்கலாம். இதற்கெல்லாம் கேரட் மருந்தல்ல.

வெயிலையும் மறக்கக்கூடாது. மே மாதம் 40 டிகிரியைத் தொடும் நம்ம பக்கத்தில், மொட்டைமாடி ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கூண்டு வைத்தால் எந்த முயல் சாப்பிடும்? நிழலுக்கு மாற்றி, கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்தாலே பல முயல்கள் தீனி எடுக்க ஆரம்பித்துவிடும்.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தீனி. உணவில் பெரும்பகுதி புல்தான், நாள் முழுக்க. காய்ந்த புல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் மருந்து தெளிக்காத அருகம்புல், கினியா புல். கொஞ்சம் கூடுதல் சத்துக்குக் குதிரைமசால் அல்லது வேலிமசால் சேர்க்கலாம். வளரும் குட்டிக்கு இது ரொம்பவே நல்லது. பெரிய முயலுக்கு அளவோடு போதும். சுண்ணாம்புச்சத்து அதிகம், சிறுநீரில் படியும். முருங்கைக்கீரைக்கும் இதே எச்சரிக்கை. முயல் தீனி (பெல்லட்) வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு தினம் 25 கிராம் போதுமானது. மெலிந்த முயலுக்கு அதில் சிறிதளவு கூட்டலாம். எதைப் புதிதாகக் கொடுத்தாலும் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

இன்னொன்று, முயல் தன் மென்மையான எச்சத்தைத் தானே சாப்பிடும். அருவருப்பு என்று தடுக்காதீர்கள். அதில் வைட்டமினும் புரதமும் இருக்கிறது.

முயல் அரை நாள் எதுவும் சாப்பிடாமல் இருந்தாலோ, புழுக்கை நின்றாலோ, "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது கூடாது. அன்றே டாக்டரிடம் போக வேண்டும். வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குன்றத்தூரிலிருந்து தூரம்தான், ஆனால் போகக்கூடிய தூரம். டாக்டர் சொல்லாமல் சிரிஞ்சில் கஞ்சி புகட்டுவதும், வீட்டில் மிச்சமிருந்த ஆண்டிபயாடிக்கைக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். மனிதர்களுக்குச் சாதாரணமான அமாக்சிசிலின், வாய்வழி போனால் முயலைக் கொன்றுவிடும்.

சந்தையில் முயல் மலிவு, டாக்டர் செலவு அதைவிட அதிகம், எதுக்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு வாங்கும் முன்பு போட வேண்டியது. வாங்கிய பிறகு அது சரக்கு அல்ல, குழந்தை பேர் வைத்துக் கூப்பிடுகிற உயிர். மாதம் 100 கிராம் மெதுவாக ஏறினாலும் பரவாயில்லை... தராசு முள் மேலே போகிறதா, முயல் புல் மெல்கிறதா, அது போதும் :-)