அரம் போட்டால் அது அச்சுப்பிழையா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க! ஓரம் குறைந்த காசையெல்லாம் ‘அச்சுப்பிழை, அபூர்வம்’ என்று யார் சொன்னாலும் நம்பிவிடுவதா?

நாணயச்சாலையில் தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் வெட்டு விழுந்தால் பிறை வடிவில் ஓரம் குறையும். அந்தக் குறையோடுதான் அச்சு விழும். அதனால் வெட்டுக்கு அருகே எழுத்து வழிந்து நீளும். நேர் எதிர் விளிம்பு பெரும்பாலும் மழுங்கும். பிறகு வெட்டி அரம் போட்ட காசில்? எழுத்து பாதியில் அறுந்திருக்கும், எதிர் விளிம்போ அப்படியே எடுப்பாக நிற்கும். தராசு உதவாது, இரண்டிலும் எடை குறையும்.

முன்னது பிழை. பின்னது சேதம், தெரிந்தே விற்றால் மோசடி. ‘ஆசைப்பட்டுத்தானே வாங்குகிறான்’ என்று சப்பைக்கட்டு வேண்டாம். உண்டியல் காசைத் தொலைக்கும் பள்ளிப் பையனுக்கு யார் பதில் சொல்வது? பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பார்க்க விடாவிட்டால் நடையைக் கட்டுங்கள்!