இல்லத்தோட்டம்: தண்ணீருக்குள்ளே தாகம்

இம்மாதம் ஒரு திருத்தத்துடன் தொடங்க வேண்டியவர்களாயிருக்கிறோம். கடந்த ஆண்டு இப்பகுதியில், வீட்டினுள் வளர்க்கத்தக்க செடிகளைப்பற்றி எழுதியபோது, பீஸ் லில்லி என்னும் வெண்மலர்ச் செடியைக் குறித்து, “இலை தொங்கினால் தாகம் என்று பொருள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்” என ஒரே வரியில் முடித்துவிட்டோம். அவ்வரி பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இராஜபாளையத்தில் ஓர் இல்லத்தில் கண்டு வந்தோம்.

நம்மை அழைத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நாம் அண்ணாச்சி என்று அழைக்கும் மூத்தவர். அவருடைய துணைவியார் நோயுற்றிருந்த காலத்தில், மருத்துவரிடம் போய்வரும் வழியில் ஒரு நாற்றுப்பண்ணையில் ஆசைப்பட்டு வாங்கிய செடி அது. அம்மையார் இறைவனடி சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. அவர் இருந்தபோது இருமுறை பூத்ததாம். பிறகு பூக்கவேயில்லை. “இப்போது இலையும் மடிகிறது, தம்பி” என்று தொலைபேசியில் அண்ணாச்சி சொன்னபோது, அவர் செடியைப்பற்றி மட்டும் பேசுவதாக நமக்குத் தோன்றவில்லை. சென்ற ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு பேருந்தேறினோம்.

கூடத்தின் மூலையில், அம்மையாரின் படத்துக்குக் கீழே, முக்காலியின்மேல் செடி இருந்தது. பளபளக்கும் பீங்கான் தொட்டி. இலைகள் யாவும் விளிம்பைத் தாண்டித் தொங்கின, சில மஞ்சளாகியிருந்தன, நுனிகள் கருகியிருந்தன. பார்த்த எவரும் தண்ணீருக்கு ஏங்குகிறது என்றே சொல்வர். ஆனால் தொட்டியைத் தூக்க முயன்றபோது அது கல்லாய்க் கனத்தது. மண்ணுக்குள் விரலை விட்டோம், சேறு. அழுகல் நாற்றமும் எழுந்தது. அடியில் துளையே இல்லை.

“யார் தண்ணீர் ஊற்றுவது?” என்று கேட்டோம்.

“காலையில் மாமா ஊற்றுவார்கள். பகலில் வாடிக் கிடந்தால் நான் ஒரு செம்பு ஊற்றுவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஆச்சி செடி என்று ஆளுக்கொரு டம்ளர்” என்றார் மருமகள்.

அண்ணாச்சி எழுந்துபோய், கத்தரித்து வைத்திருந்த நம் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். “நீங்கள் எழுதியபடிதானே செய்தோம்?” என்றார். அதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. அதனாலேயே நமக்கு நாணம் மிகுந்தது.

வேருக்கும் மூச்சு உண்டு. மண்துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் தங்கும் காற்றையே அது சுவாசிக்கிறது. அவ்விடைவெளிகளெல்லாம் நீரால் நிரம்பி, அந்நீர் வடியவும் வழியில்லையெனில், வேர்கள் மூச்சுமுட்டி மடிகின்றன. மடிந்த வேர்களை அழுகல் பூஞ்சைகள் பற்றிக்கொள்கின்றன. செத்த வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே தண்ணீருக்குள்ளே நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. வாடக் கண்டவர் மேலும் ஊற்றுகிறார். தாகத்தால் வாடிய செடிக்கும் மூழ்கி வாடிய செடிக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. வேறுபாட்டைச் சொல்வது இலையன்று, மண். தொட்டி இலேசாகவும் மண் காய்ந்தும் இருந்தால் நீர் விடுங்கள். சில மணி நேரத்தில் இலைகள் நிமிர்ந்துவிடும். தொட்டி கனத்திருக்கையில் இலை தொங்கினால், செம்பைக் கீழே வைத்துவிட்டு வேரைப் பாருங்கள்.

“மழைக்காட்டில், ஓடைக்கரையில் வளரும் செடி என்கிறார்களே, அதற்குத் தண்ணீர் எப்படிக் கெடுதலாகும்?” என்று அண்ணாச்சி வினவினார். ஆசிரியர் அல்லவா! வினா நியாயமானதே. நடு அமெரிக்காவும் தென்னமெரிக்காவின் வடபகுதியுமே இவ்வகைச் செடிகள் பலவற்றின் தாயகம். பெயர் பெற்ற இனம் ஒன்று, கொலம்பியாவில் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய குஸ்தாவ் வாலிஸ் என்னும் ஜெர்மானியரின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் 1878 இல் எக்குவடோர் நாட்டில் காலமானார். அக்காடுகளில் தரை இலைமக்கால் பொலபொலவென்றிருக்கும். ஓடும் நீர் காற்றையும் சுமந்துவரும். துளையில்லாத தொட்டியில் தேங்கிய நீருக்கு அக்குணம் இல்லை.

பின்கட்டில் சாக்கை விரித்துச் செடியைக் கவிழ்த்தோம். வேர்களில் பெரும்பங்கு பழுப்பேறி, இழுத்தால் உறைபோல் உரிந்து வந்தது. வெண்மையாய் உறுதியாய் இருந்தவை ஒரு கைப்பிடியளவே. கத்தியைத் தீயில் காட்டி, அழுகியவற்றை நல்ல பாகம் தெரியும்வரை வெட்டி நீக்கினோம். மஞ்சள் இலைகளையும் களைந்தோம். குறைந்த வேரால் நிறைந்த இலைகளைத் தாங்கவியலாது. செடி தானாகவே இரண்டு கன்றுகளாகப் பிரிந்தது. துளையுள்ள சிறிய மண்தொட்டிகள் இரண்டில், செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் சமபங்காகவும், மட்கிய எருவும் மணலும் அதில் பாதியாகவும் கலந்து நட்டோம். நார்த்தூளை இருமுறை அலசிப் பிழிந்தே சேர்க்க வேண்டும். அதில் உப்பு உண்டு. தொட்டி பெரிதாயிருந்தால் நல்லதென்று மருமகள் கருதினார். அப்படியன்று, வேர் எட்டாத மண் ஈரத்தைத் தேக்கிவைத்து மறுபடியும் அழுகலைத் தொடங்கிவிடும். புதுத்தளிர் காணும்வரை உரமும் வேண்டாம்.

நுனி கருகுவதற்கு, ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்பும் ஒரு காரணமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் ஒரு குடத்தை வைத்தால் போதும். ஒரு செடிக்கு வேண்டிய நல்ல நீர் கிடைத்துவிடும்.

பூக்காததற்கு வேறு காரணம். அந்த மூலையில் வெளிச்சமில்லை. நிழலில் உயிர் வாழும் செடி, நிழலிலேயே பூக்கும் என்பதில்லை. நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சம் நிறைந்த இடம் அதற்கு வேண்டும். கிழக்குச் சன்னலோரம் தகும் என்றோம். அண்ணாச்சி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அம்மையாரின் படத்துக்குக் கீழிருந்து செடியை அகற்றுவது அவருக்கு எளிதாயில்லை என்பதை உணர்ந்து நாமும் வற்புறுத்தவில்லை. பிறகு அவரே, “ஓர் ஆணி இருந்தால் கொண்டு வா, அம்மா” என்று மருமகளிடம் சொன்னார். படம் சன்னலுக்குப் பக்கத்துச் சுவருக்கு மாறியது.

இன்னொன்றையும் கவனித்தோம். அவ்வீட்டில் வெள்ளை நிற இராஜபாளையம் நாய் ஒன்று வளர்கிறது. 2005 இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற அதே இனம். பீஸ் லில்லி பெயரளவில்தான் லில்லி. உறவுமுறையில் நம் சேம்புக்கும் சேனைக்கிழங்குக்கும் சொந்தம். அரைவேக்காட்டுச் சேனையை உண்டு நாவரித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் உள்ளன. மென்ற நாய்க்கு வாய் எரிந்து எச்சில் வடியும், குழந்தைகளுக்கும் அப்படியே. தொட்டிகளை உயரமான பலகையில் ஏற்றினோம்.

“காற்றைச் சுத்தம் செய்யுமாமே?” என்றான் மூத்த பேரன். 1989 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஆய்வொன்றில், மூடிய பெட்டிக்குள் வைத்துப் பார்த்த செடிகளுள் இதுவும் ஒன்று. கதவும் சன்னலும் திறந்த வீட்டில் ஒரு தொட்டிச் செடியால் அப்பணி நடவாது. சன்னல் செய்யும் வேலையே பெரிது. பையனுக்குச் சற்று ஏமாற்றந்தான்.

கன்றுகளில் ஒன்று செப்டம்பரிலேயே பட்டுப்போயிற்று. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்றது ஆறு வாரங்கள் அசையாதிருந்து, மழை தொடங்கியபின் சுருட்டிய தளிர் ஒன்றை நீட்டியது. இப்போது நான்கு புதிய இலைகள். பூ இன்னும் வரவில்லை. வேர் தேறி வரவே பல மாதங்கள் ஆகும்.

சென்ற வாரம் மருமகளிடம் பேசினோம். “ஐந்து நாளாகத் தண்ணீர் ஊற்றவில்லை. மாமா தினமும் காலையில் தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கனமாய்த்தான் இருக்கிறது என்று வைத்துவிடுகிறார்கள்” என்றார்.