பூங்காக் குழாயில் பாதாள கங்கை

குடமும் குழாயடியும் வரிசையும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிய விஷயங்கள் அல்ல. தண்ணீர் வரும் வேளையை அறிந்து, அதற்கேற்பச் சமையலையும் ஸ்நானத்தையும் வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் நமக்குப் பரம்பரையாக வந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி இரவும் பகலும் குழாயில் ஜலம் கொட்டுகிற பாரிஸ் பட்டணத்தில் ஜனங்கள் பை நிறையப் புட்டிகளை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிறார்கள் என்றால், நேயர்கள் சற்று வியப்படையத்தான் செய்வார்கள்.

அந்நகரின் மேற்குப் பாகத்தில் லாமார்த்தீன் சதுக்கம் என்று ஒரு சிறு பூங்கா இருக்கிறது. தெற்கே வெர்லேன் என்னும் கவிஞரின் பெயர் கொண்ட ஒரு திடல். வடக்கே மதோன் சதுக்கம். இம்மூன்று இடங்களிலும் உள்ள குழாய்களில் வருவது ஆற்று நீரன்று. ஏறக்குறைய இரண்டாயிரம் அடி ஆழத்திலிருந்து வரும் பாதாள கங்கை. காசு கொடுக்க வேண்டியதில்லை, சீட்டும் கேட்பதில்லை. வீட்டுக் குழாய் நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம்; கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். இதுவோ மென்மையான நீர். குளோரின் வாசனை கிடையாது. இரும்புச் சத்துக்கு மட்டும் குறைவில்லை. தேநீருக்கு இதுதான் உகந்தது என்று இதன் பக்தர்கள் சாதிக்கிறார்கள். தேநீர் விஷயத்தில் சாதிப்பவர்களோடு வாதாடுவதில் பயனில்லை.

இந்த நீர் வெளிவந்த கதை ரஸமானது. பாரிஸுக்குத் தென்கிழக்கே ஷம்பாஞ் பிரதேசத்தில் ஒருவகைப் பச்சை மணல் பூமியின் மேல்மட்டத்திலேயே தென்படுகிறது. அங்கே பெய்யும் மழை அம்மணலில் இறங்கி, களிமண்ணுக்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் அடியில் மெள்ள மெள்ளப் பாரிஸை நோக்கி நகர்கிறது. மேலே கனத்த மூடி, பின்னே உயர்ந்த நிலத்து ஜலத்தின் அழுத்தம். மூடியில் ஒரு துளை போட்டால் நீர் தானே பொங்கி எழ வேண்டியதுதான். இப்படி அநுமானித்தவர்களில் வானசாஸ்திரி அராகோ முக்கியமானவர். சேன் நதி நீரை வாளியில் சுமந்து மாடிப்படி ஏறி விற்கும் தண்ணீர்க்காரர்கள் தெருவெல்லாம் திரிந்த காலம் அது.

முலோ என்னும் துளையிடும் நிபுணர் 1833-ஆம் வருஷம் கிரெனெல் என்னுமிடத்துக் கசாப்புச்சாலை முற்றத்தில் வேலையைத் தொடங்கினார். 1837-இல் துளையிடும் தண்டு முறிந்து உள்ளே விழுந்தது. விழுந்ததை வெளியே எடுக்க மட்டும் பதினான்கு மாதங்கள்! வேறொருவராயிருந்தால் கருவிகளை மூட்டை கட்டியிருப்பார். 1841 பிப்ரவரி 26-ஆம் தேதி, 548 மீட்டர் ஆழத்தில், அதாவது சுமார் 1,800 அடியில், ஜலம் பீறிட்டுக் கிளம்பிற்று. தொட்டால் வெதுவெதுப்பாக, ஏறக்குறைய 28 டிகிரி சூட்டில் இருந்தது.

ஒன்று கிடைத்தால் இன்னொன்று வேண்டும் என்பது மனித சுபாவம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பூலோஞ் வனத்து ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் நீர் வேண்டுமென்று பாஸி என்ற இடத்தில் கிண்ட் என்னும் எஞ்சினீயர் 1855-இல் தோண்ட ஆரம்பித்தார். நடுவே இரும்புக் குழாய் நசுங்கிற்று. 1861 செப்டம்பரில்தான் நீர் வந்தது. லாமார்த்தீன் சதுக்கத்துக் குழாய் இந்தக் கிணற்றின் வழிவந்ததே. (புதுச்சேரிக்கும் அதே சக்கரவர்த்தி காலத்தில்தான் முத்தரையர்பாளையத்து ஊற்று நீர் வந்தது, அங்கே பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதன் ஞாபகச் சின்னம்.) வெர்லேன் திடலுக்கு நீர் கொடுத்த கிணறு இன்னும் பிடிவாதமானது. 1860-களில் தொடங்கி, இடையிலே பல வருஷம் கைவிடப்பட்டு, 1904-இல் முடிந்தது. பக்கத்தில் 1924-இல் திறந்த நீச்சல் குளத்துக்கும் இந்த வெந்நீரே உதவிற்று.

பாஸியில் நீர் பொங்கிய ஓரிரு நாட்களுக்குள், இரண்டு மைலுக்கு அப்பாலிருந்த கிரெனெல் கிணற்றின் வேகம் குறைந்துவிட்டது. அண்ணன் வீட்டுக் கிணறும் தம்பி வீட்டுக் கிணறும் ஒரே ஊற்றில் குடிக்கின்றன என்பது அன்றுதான் எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. ஆனாலும் யார் கை நின்றது? தொழிற்சாலைகள் தோண்டின; சலவைச்சாலைகள் தோண்டின. அழுத்தம் தணிந்து, பொங்கிய கிணறுகள் பல பொங்காமற் போயின. கடைசியில் 1935-இல் சர்க்கார் விழித்துக்கொண்டு, பாரிஸ் சுற்று வட்டாரத்தில் 80 மீட்டருக்கு மேல் ஆழமாகத் துளையிட அநுமதி பெறவேண்டும் என்று சட்டம் செய்தது. இன்று இந்த நீர், ஆற்று நீர் கெட்டுப்போகும் ஆபத்துக் காலத்தில் பட்டணத்தாரின் தாகம் தீர்க்கவென்று வைத்த சேமிப்பு. பூங்காக் குழாய்களுக்காகப் பழைய கிணறுகளுக்குப் பதில் 1990-களில் புதிய துளைகளும் போடப்பட்டன.

அப்படியானால், பத்துப் புட்டி பிடித்துக்கொண்டு போகிறவர் பேராசைக்காரரா? அந்தக் கட்சியை நான் ஒப்பமாட்டேன். ஒரு குடும்பம் ஒரு வருஷத்தில் சுமப்பதை ஒரு சலவைச்சாலை ஒரு காலைப்பொழுதில் குடித்துவிடும். தன் கையால் தூக்கிப்போக வேண்டியிருக்கிற வரையில் யாரும் அளவுக்கு மிஞ்சி எடுக்க முடியாது. தோள்வலியே தக்க காவலாளி. எடுத்ததை விற்பவன் வந்தால் அது வேறு வழக்கு.

பிடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதில் குளோரின் இல்லாததால் அதிக நாள் வைத்துக் குடிக்கலாகாது. புட்டியை நன்றாகக் கழுவி, குளிர்ந்த இடத்தில் வைத்து, இரண்டொரு நாளில் தீர்த்துவிட வேண்டும். மழையாக விழுந்து இவ்வளவு ஆழத்தைச் சேர இந்த ஜலத்துக்கு எத்தனையோ ஆயிரம் வருஷங்கள் ஆயின. சமையலறை அலமாரியிலோ அதற்கு இரண்டு நாள்தான் ஆயுள். மூன்றாம் நாள் மறுபடியும் பையை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் புறப்பட வேண்டியதுதான்.